ஓகே: ஒரு ஆங்கில ஸ்லாங் பிறந்த கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஓகே என்பது எதன் சுருக்கம்?

‘ஆல் கரெக்ட்’, அதாவது எல்லாம் சரி. ஆனால் ஒழுங்காக எழுதிய ஆல் கரெக்ட் இல்லை. ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களும் ஏ, சி என்ற எழுத்துகளில் தொடங்க வேண்டும். எழுதப் படிக்கத் தடுமாறும் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினால் எப்படி இருக்கும்? முதல் சொல்லை ஓ-வில் தொடங்குவார், இரண்டாவதைக் கே-யில் தொடங்குவார். அந்த இரண்டு பிழைகளின் முதலெழுத்துகள்தான் ஓ.கே.

படித்தவர்கள் வேண்டுமென்றே ஏன் பிழையாக எழுத வேண்டும்?

சிரிப்புக்காகத்தான். 1838, 1839 வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைகளில் ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. எந்தச் சொற்றொடரையும் முதலெழுத்துகளாகச் சுருக்கிவிடுவது. ‘நோ கோ’ (நடக்காது) என்.ஜி. ஆனது. ‘ஸ்மால் பொட்டேட்டோஸ்’ (அற்பமான ஆள் அல்லது விஷயம்) எஸ்.பி. ஆனது. கடன் வாங்கிவிட்டு ஊரை விட்டு ஓடியவனைப் பற்றி ‘டெக்ஸஸுக்குப் போய்விட்டான்’ என்பார்கள், அதற்கு ஜி.டி. டெக்ஸஸ் அப்போது அமெரிக்காவோடு சேராத தனி நாடு. அங்கே போனவனிடம் யாரும் வசூல் பண்ண முடியாது!

இந்த விளையாட்டு கொஞ்ச நாளில் சலித்துப் போயிருக்கும் போல. அடுத்த கட்டமாகச் சொல்லையே பிழையாக எழுதி, அந்தப் பிழையைச் சுருக்கினார்கள். ‘நோ யூஸ்’ கே.ஒய். ஆனது. ‘நோ’ என்பதற்கு ‘தெரியும்’ என்று பொருள்படும் இன்னொரு ‘நோ’-வின் எழுத்தைப் போட்டதால் வந்த கே அது. ‘ஆல்’ ஓ-விலும் ‘ரைட்’ டபிள்யூ-விலும் தொடங்க, ‘ஆல் ரைட்’ ஓ.டபிள்யூ. ஆனது. இரட்டைப் பூட்டுப் போட்ட நகைச்சுவை; உள்ளே இருப்பவருக்கு மட்டும் புரியும். இன்று பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் எழுதும் சுருக்கங்களைப் பார்த்து மொழி கெட்டுப்போயிற்று என்று புலம்புகிறவர்கள், நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் பத்திரிகை ஆசிரியர்களே இதைச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

முதன்முதலில் எங்கே அச்சானது?

‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில், 1839 மார்ச் 23 அன்று, இரண்டாம் பக்கத்தில். எழுதியவர் அதன் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன்.

அந்தச் செய்தி என்ன என்று கேட்டால் சிரிப்பீர்கள். மணி அடிப்பது பற்றி நகரசபை போட்ட ஒரு விதியைச் சாக்காக வைத்து, பாஸ்டனில் சில கலகலப்பான ஆட்கள் ‘மணியடி எதிர்ப்புச் சங்கம்’ என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நியூயார்க்குக்குப் பயணம் போனதைப் பற்றிப் பக்கத்து ஊரான பிராவிடன்ஸின் பத்திரிகை ஏதோ எழுத, கிரீன் அதற்குப் பதில் எழுதினார். சங்கத்துத் தலைவர் ஒருவர் பிராவிடன்ஸ் வழியாகத் திரும்பினால், அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர் உண்டியல் முதலான எல்லாவற்றையும் ‘ஓ.கே., ஆல் கரெக்ட்’ என்று தயாராக வைத்திருந்து, பாட்டில் மூடிகளைப் பறக்கவிடுவார் என்று கேலி செய்தார். ‘நீங்கள்தான் தண்ணி வாங்கித் தர வேண்டும்’ என்பதைச் சுற்றி வளைத்துச் சொன்ன வரி, அவ்வளவுதான்.

இதில் முக்கியமான விஷயம், ஓ.கே. என்று எழுதிய கையோடு அதன் பொருளையும் அங்கேயே கொடுத்துவிட்டது. ஒரு ஸ்லாங் சொல்லின் முதல் பதிவு கிடைப்பதே அரிது. இங்கே பிறந்த தேதியும் கிடைக்கிறது, பொருளும் கூடவே கிடைக்கிறது.

ஒரு ஊர்ப் பத்திரிகையின் கிண்டல் எப்படி நாடு முழுக்கப் போனது?

தேர்தல். இந்தக் கதையில் அதிர்ஷ்டம் நுழைகிற இடம் இதுதான்.

1840-இல் குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன் இரண்டாவது முறை போட்டியிட்டார். அவர் பிறந்தது நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹுக் என்ற சிற்றூர். டச்சுக் குடும்பம், வீட்டில் பேசியது டச்சு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரே அமெரிக்க அதிபர் அவர்தான். அவருக்கு முன்பிருந்த ஆண்ட்ரூ ஜாக்சனை ‘ஓல்ட் ஹிக்கரி’ என்று செல்லமாக அழைப்பார்கள். அந்த வரிசையில் வான் பியூரனை ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ ஆக்கினார்கள் ஆதரவாளர்கள். முதலெழுத்துகளைப் பாருங்கள்: ஓ, கே.

1840 மார்ச்சில் நியூயார்க்கில் அவருடைய ஜனநாயகக் கட்சித் தொண்டர்கள் ‘ஓ.கே. கிளப்’ தொடங்கினார்கள். நம் தலைவர் ஓ.கே., அவர் இருந்தால் எல்லாம் ஓ.கே. என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஏற்கெனவே பத்திரிகைகளில் அரைகுறையாகப் புழங்கிக்கொண்டிருந்த சுருக்கம் தட்டியிலும் கோஷத்திலும் ஏறியது. கிளப் ஆட்கள் எதிர்க்கட்சியான விக் கட்சியின் கூட்டத்தில் ‘ஓ.கே.’ என்று கத்திக்கொண்டே புகுந்து அடிதடியும் செய்தார்கள்.

விக் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே இரண்டு எழுத்தைப் பிடித்து ‘அவுட் ஆஃப் கேஷ், அவுட் ஆஃப் கிரெடிட், அவுட் ஆஃப் கேரக்டர்’ என்று விரித்தார்கள். மூன்றுக்கும் சி-க்குப் பதில் கே. காசு இல்லை, கடன் கொடுப்பார் இல்லை, குணமும் இல்லை. 1837-இல் வங்கிகள் நொடித்துப் பொருளாதாரம் படுத்துக் கிடந்ததால் இந்தக் கிண்டல் நன்றாகவே எடுபட்டது. முடிவில் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு 234 தேர்வாளர் வாக்குகள், வான் பியூரனுக்கு 60. ஆள் தோற்றார். ஆனால் இரண்டு கட்சிகளும் சேர்ந்து மாதக்கணக்கில் கத்தியதில் சொல் நாடு முழுக்கப் பரவிவிட்டது.

ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர்தான் ஓ.கே. என்று கையெழுத்துப் போட்டார் என்கிறார்களே?

அதுவும் அதே தேர்தலின் சரக்குதான். 1840 மார்ச் இறுதியில் ஒரு நியூயார்க் பத்திரிகை இந்தக் கதையை அவிழ்த்துவிட்டது. ஜாக்சன் ஒரு கோப்பைப் படித்துப் பார்த்து, ‘ஆல் கரெக்ட்’ என்பதைத் தப்பாக எழுதி ஒப்புதல் கொடுத்தாராம். ஜாக்சன் வழக்கறிஞராக இருந்தவர், டென்னசியில் உயர்நிலை நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். அவருடைய எழுத்தில் பிழைகள் உண்டு, ஆனால் இந்தப் பழக்கம் இருந்ததாக எந்த ஆவணமும் கிடையாது. எதிரியை மடையனாகக் காட்டக் கட்டிய கதை, நகைச்சுவையாக இருந்ததால் பாடப்புத்தகம் வரை போய்விட்டது.

1839-க்கு முன்பே ஓ.கே. இருந்ததற்கு ஆதாரம் உண்டாமே?

இரண்டு ஆவணங்களைக் காட்டுவார்கள். இரண்டும் மூலத்தைப் பார்த்தவுடன் கரைந்துவிட்டன.

முதலாவது, டென்னசி மாநிலத்தில் சம்னர் கவுண்டி நீதிமன்றத்தின் 1790-ஆம் ஆண்டுப் பதிவு. அடிமையாக இருந்த ஒருவரை விற்ற பத்திரம் அது. அதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தவர் இளம் வழக்கறிஞர் ஜாக்சன். அதில் ஓ.கே. என்று இருப்பதாக ஒரு வரலாற்று நூல் அச்சிட்டது. மூலத்தைத் திரும்பப் படித்தபோது அது ஓ.ஆர்., ‘ஆர்டர்டு ரெக்கார்டடு’ என்று தெரிந்தது. பதிவு செய்ய உத்தரவு என்பதற்கு நீதிமன்ற எழுத்தர் போடும் வழக்கமான குறி. பழைய கையெழுத்தில் ஆர்-ஐக் கே என்று படிப்பது ரொம்ப எளிது.

இரண்டாவது, வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவரின் 1815 பயண நாட்குறிப்பு. பிரின்ஸ்டனைக் கடந்து டிரென்டன் போனது பற்றிய வரியில் ஓ.கே. போல ஏதோ தெரிகிறது. அச்சுப்படியைப் படித்தால் நம்பத் தோன்றும். கையெழுத்துப்படியில் பார்த்தால் எழுத வந்ததை மாற்றி அடித்துத் திருத்திய இடம் அது.

சோக்டா மொழிச் சொல் என்று படித்தேன். அது தப்பா?

தப்பு என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன்; நிரூபணம் இல்லை என்பேன். அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒருவரான சோக்டா மக்களின் மொழியில் ‘ஓகே’ என்று ஒலிக்கும் ஒரு சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். ‘அப்படித்தான்’ என்பது போன்ற அழுத்தம். ஒலி பொருந்துகிறது, பொருளும் ஏறக்குறைய பொருந்துகிறது. 1913 முதல் 1921 வரை அதிபராக இருந்த உட்ரோ வில்சன் இந்தக் கருத்தை நம்பியவர். கோப்புகளில் ஓ.கே. என்று போடாமல், சோக்டா வடிவம் என்று தான் கருதிய எழுத்துக்கூட்டலில் நான்கு எழுத்தாகவே எழுதுவார். 1918-இல் தொடங்கிய ஒரு இசைத்தட்டு நிறுவனத்துக்கும் அதே நான்கெழுத்துப் பெயர். அது நிறுவனர் ஓட்டோ ஹைன்மனின் முதலெழுத்துகளாகவும் அமைந்தது.

சிக்கல் என்னவென்றால், சோக்டாவிலிருந்து பாஸ்டன் பத்திரிகை அறைக்குப் பாலம் காட்டுகிற ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சோக்டா மக்கள் மிசிசிப்பிப் பக்கத்தில் வாழ்ந்து, 1830-களில் அங்கிருந்தும் மேற்கே துரத்தப்பட்டவர்கள். பாஸ்டன்காரர்களோ பொருளையே பக்கத்தில் எழுதிவைத்துவிட்டார்கள்.

அப்போது ஆப்பிரிக்க மொழிக் கருத்து?

இதை நான் மற்றவற்றோடு சேர்த்து ஓரங்கட்ட மாட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியில் ‘வாவ் கே’ என்றால் ‘ஆமாம், நிச்சயமாக’ என்பது போன்ற பொருள். மண்டே மொழிகளிலும் நெருக்கமான வடிவங்கள் உண்டு. 1960-களின் கடைசியிலிருந்து டேவிட் டால்பி என்ற மொழியியலாளர் இதை முன்வைத்தார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேச்சு அமெரிக்க ஆங்கிலத்துக்குள் கலந்திருக்கும் என்பதில் சந்தேகம் கிடையாது. ஆனால் அவர்கள் பேசியதை அந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து எழுதிவைத்தார்கள்? பதிவு இல்லாததற்குக் காரணம் அவர்களை நடத்திய விதமும்தான்.

அதனால் இந்தக் கருத்தைப் பொய் என்று காட்ட முடியாது, மெய் என்றும் காட்ட முடியாது. 1839-இல் ஓ.கே. முற்றுப்புள்ளிகளோடு, முதலெழுத்துச் சுருக்கமாக, அதே மாதிரியான இன்னும் பல சுருக்கங்களின் கூட்டத்தில்தான் தோன்றுகிறது. தீர்ப்பு அந்தப் பக்கம் சாய்வதற்கு அதுவே காரணம்.

போரில் ‘ஜீரோ கில்டு’, பிஸ்கட் கம்பெனி, கிரேக்க ஆசிரியர்… இவையெல்லாம்?

வேகமாகப் பார்த்துவிடலாம். ‘இன்று யாரும் சாகவில்லை’ என்று பலகையில் ஓ, கே போட்டார்கள் என்பதும், ஓரின் கெண்டல் என்பவரின் பிஸ்கட்டில் அந்த எழுத்துகள் இருந்தன என்பதும் அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்துச் சொல்லப்படுகிறவை. அந்தப் போர் தொடங்கியது 1861-இல். சொல்லுக்கு அப்போதே வயது இருபத்திரண்டு. கிரேக்கத்தில் ‘ஓலா கலா’ என்றால் எல்லாம் நலம் என்பது உண்மை, ஆனால் தற்செயல். ஹெய்தி நாட்டின் ‘ஓ கே’ துறைமுகத்து ரம், ஓபடையா கெல்லி என்ற ரயில்வே குமாஸ்தாவின் கையெழுத்து, கியோகக் என்ற பூர்வகுடித் தலைவரின் பெயர் எல்லாம் ஒரே ரகம். இரண்டு எழுத்துச் சொல்லுக்கு உலகத்தில் எங்கே தேடினாலும் ஒரு ஒற்றுமை கிடைக்கும். கதையில் ஆண்டு இருக்கிறதா, அந்த ஆண்டில் அச்சான தாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கதை அங்கேயே நின்றுவிடும்.

உண்மையைக் கண்டுபிடித்தது யார்?

ஆலன் வாக்கர் ரீட். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், 1906 முதல் 2002 வரை வாழ்ந்தவர். 1941-இல் அவர் ஒரு கட்டுரை எழுதி, ஓல்ட் கிண்டர்ஹுக்தான் மூலம் என்றார். பழைய அகராதிகள் சிலவற்றில் வான் பியூரன் மட்டும் இருப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், அந்தக் காலகட்டத்தின் முடிவு அது. அப்புறமும் அவர் விடவில்லை. பழைய நாளிதழ்களைப் புரட்டிக்கொண்டே போய் 1839-ஆம் ஆண்டு பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். 1963, 1964-இல் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ ஆய்விதழில் தொடராக எழுதிய கட்டுரைகளில் சுருக்கப் பைத்தியம், தேர்தல், ஜாக்சன் கதை எல்லாவற்றையும் ஆதாரத்தோடு வரிசையாக வைத்தார். தேடுபொறி கிடையாது, எண்மப்படுத்திய நாளிதழ் கிடையாது. ஒவ்வொரு தாளாகக் கண்ணால் மேய வேண்டும். எனக்கு ஓகேயின் கதையில் பிடித்த ஆளே இவர்தான்.

கூடப் பிறந்த சுருக்கங்கள் எல்லாம் செத்துப்போக, இது மட்டும் எப்படிப் பிழைத்தது?

தேர்தல் ஒரு காரணம். ஓ.டபிள்யூ. இதற்கு மூத்தது, பொருளும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அதற்கு வான் பியூரன் கிடைக்கவில்லை.

இன்னொரு காரணம் தந்தி. 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் தந்தி ஓடத் தொடங்கியது. பிறகு ரயில் பாதையோடு தந்திக் கம்பியும் நீண்டது. செய்தி வந்து சேர்ந்தது, புரிந்தது என்று சொல்ல ஆபரேட்டருக்குக் குட்டியாக ஒரு குறி வேண்டும். ஓ.கே. அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. சரக்குச் சீட்டு, பில், கோப்பு என்று எதைச் சரிபார்த்தாலும் ஓரத்தில் ஓ.கே. போட்டுக் கையெழுத்திடும் பழக்கமும் வந்தது. நகைச்சுவையாகப் பிறந்ததை எல்லாரும் மறந்தார்கள், அலுவலகச் சொல் ஆகிவிட்டது.

கணினியில் ஓகே பட்டன் எப்படி வந்தது?

பழைய மைக்ரோசாஃப்ட் பேசிக் என்ற நிரல்மொழியில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், திரையில் ‘ஓகே’ என்று வந்து நின்றால் அடுத்த கட்டளையைத் தட்டலாம். ஆனால் பட்டனின் கதை வேறு, ரொம்ப ருசியானது.

ஆப்பிள் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் லிசா கணினியை உருவாக்கியபோது, உறுதிசெய்யும் பட்டனில் ‘டூ இட்’ (செய்) என்று போட்டிருந்தார்கள். சாதாரண ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். அந்தப் பட்டன் வந்ததும் சிலர் தயங்கினார்கள், ‘கேன்சல்’ பக்கம் போனார்கள். ஒருவர் எரிச்சலாகவே கேட்டாராம்: “நான் மடையன் இல்லை, இது ஏன் என்னை மடையன் என்கிறது?” இரண்டு சொற்களுக்கும் நடுவே இடைவெளி சரியாகத் தெரியவில்லை. பெரிய எழுத்து ஐ, சிறிய எழுத்து எல் மாதிரி இருந்தது. படித்தவர் கண்ணுக்கு ‘டோல்ட்’, அதாவது முட்டாள்! முதலில் பேச்சு வழக்கு என்று ஒதுக்கிய ஓகேயையே கடைசியில் பட்டனில் போட்டார்கள்.

‘ஏ-ஓகே’ (எல்லாம் கச்சிதம்) விண்வெளி வீரர் சொன்னதா?

1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆனார். அன்று அந்தத் தொடரைச் செய்தியாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னவர் நாசாவின் தகவல் அதிகாரி ஷார்ட்டி பவர்ஸ். பேர் ஷெப்பர்டுக்குப் போய்விட்டது.

ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாக்கிக் காட்டும் சைகை எங்கும் ஓகேதானா?

இல்லை. பிரேசிலில் அது ஆபாசத் திட்டு. ஜப்பானில் காசைக் குறிக்கும். ஸ்கூபா முக்குளிப்பவர்களுக்கு ‘நான் நலம்’. அவர்களிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் ‘மேலே போகலாம்’ என்று எடுத்துக்கொள்வார்கள், ஜாக்கிரதை. 2017-இல் இணையத்தில் சில விஷமிகள், இது வெள்ளையின வெறிச் சின்னம் என்று புரளி கிளப்பினார்கள். சில நிஜ வெறியர்களே அதை எடுத்துக்கொண்டார்கள். 2019-இல் ஆன்டி டிஃபமேஷன் லீக் என்ற அமெரிக்க அமைப்பு இந்தச் சைகையைத் தன் வெறுப்புச் சின்னப் பட்டியலில் சேர்த்தது, பெரும்பாலும் இது சாதாரணச் சைகைதான் என்ற எச்சரிக்கையோடு.

‘ஓகே பூமர்’ என்றால்?

‘சரி பெருசு, விடுங்க’ என்பதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறைக்கு ஆங்கிலத்தில் பேபி பூமர் என்று பெயர். 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் பருவநிலை மசோதா பற்றிப் பேசிக்கொண்டிருந்த 25 வயது உறுப்பினர் குளோயி ஸ்வார்பிரிக், குறுக்கே பேசிய மூத்தவரிடம் இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேச்சைத் தொடர்ந்தார். அன்று உலகம் முழுக்கப் பரவியது.

தமிழில் ஓகே என்றால் ‘சரி’ மட்டும்தானா?

கொஞ்சம் கூடுதலாகவே வேலை வாங்குகிறோம். ‘ஷாட் ஓகே’ என்றால் அடுத்த காட்சிக்குப் போகலாம். ‘பொண்ணு வீட்டுல ஓகே பண்ணிட்டாங்க’ என்றால் சம்பந்தம் முடிவாகிவிட்டது. ‘டபுள் ஓகே’ என்றால் முழுச் சம்மதம். பழைய பத்திரிகைகளில் புள்ளி வைத்து ஓ.கே. என்று அச்சிட்டார்கள், இப்போது புள்ளி பெரும்பாலும் போய்விட்டது.

ஆனால் தொனியைக் கவனியுங்கள். ‘சாப்பாடு எப்படி இருந்துச்சு?’ என்று சமைத்தவர் கேட்கும்போது ‘ஓகே’ என்று சொன்னால், நன்றாக இல்லை என்றுதான் அவர் காதில் விழும். ஆங்கிலத்திலும் இப்படித்தான்.

ஆபீஸ் மெயிலில் ஓகே என்று மட்டும் பதில் போடலாமா?

போடலாம், அது இப்போது மரியாதைக் குறைவான ஸ்லாங் இல்லை. தனியாக ‘கே’ என்று ஒற்றை எழுத்தை மட்டும் அனுப்பாதீர்கள். கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்டு இன்னொரு மெயில் வரும்.